அறியாமையை உற்பத்தி செய்யும் அரசுகள்: கதையிலும் நிஜத்திலும்

வடகொரியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ ஏதாவது செய்தி வரும்போதும், பழைய சோவியத் யூனியன் பற்றிப் பேச்சு எழும்போதும், பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் கிளம்புகின்றன. அந்த மக்களுக்கு உண்மை தெரியவே தெரியாதா? தெரியும் என்றால் ஏன் சும்மா இருக்கிறார்கள்?

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்புதான். அரசு உண்மையை மூடி வைத்திருக்கிறது, யாராவது அதைத் திறந்து காட்டிவிட்டால் மக்கள் பொங்கி எழுந்துவிடுவார்கள் என்ற நினைப்பு. நாவல்களும் படங்களும் இதை நன்றாக ஊட்டி வளர்த்திருக்கின்றன. ஓரளவு சரிதான். ஆனால் இந்த அரசுகள் நடந்த விதத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு இடத்தில் இடிக்கும். மக்களுக்குப் பல விஷயங்கள் நன்றாகவே தெரிந்திருந்தன. மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் பல நேரம் ஒன்றும் தெரியவில்லை.

## எந்த அரசைப் பற்றிப் பேசுகிறோம்

எதேச்சாதிகாரம் வேறு, முற்றாதிக்கம் வேறு. ராணுவத் தளபதி ஒருவர் ஆட்சியைப் பிடித்து, கட்சிகளைத் தடை செய்து, எதிர்த்தவர்களை உள்ளே போடுகிறார் என்றால் அது எதேச்சாதிகாரம். நீங்கள் வாயை மூடிக்கொண்டு வயலுக்குப் போய் வந்தால் அவர் உங்களைக் கண்டுகொள்ள மாட்டார்.

முற்றாதிக்க அரசுக்கு அது போதாது. ஒரே கட்சி, ஒரே கொள்கை, ரகசியப் போலீஸ், செய்தித்தாள் முதல் பள்ளிக்கூடம், தொழிற்சங்கம், விளையாட்டுக் கழகம் வரை எல்லாம் அதன் கையில். நீங்கள் எதிர்க்காமல் இருந்தால் பற்றாது, கூட்டத்துக்கு வர வேண்டும், கை தட்ட வேண்டும், நம்புகிறேன் என்று சொல்ல வேண்டும். ஸ்டாலின் கால ரஷ்யா, ஹிட்லரின் ஜெர்மனி, மாவோ கால சீனா, வடகொரியா ஆகியவை வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணங்கள். இன்றைய சீனாவை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு, அதற்குள் நான் போகவில்லை.

## எழுத்தறிவின்மை வேறு, இந்த அறியாமை வேறு

பழைய ஒடுக்குமுறை எழுத்தையே கொடுக்காது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதை 1740இலேயே குற்றமாக்கினார்கள். நம் ஊரில் சாதியின் பேரால் படிப்பு மறுக்கப்பட்ட கதையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலில் வரும் அரசும் இந்தப் பழைய வழியில்தான் போகிறது. பெண்கள் படிக்கக் கூடாது, அதனால் கடைப் பலகைகளில் எழுத்து இல்லை, படம் மட்டும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்றாதிக்க அரசுகள் நேர் எதிராகச் செய்தன. ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்டுகளான போல்ஷெவிக்குகள் உள்நாட்டுப் போரின் நடுவிலேயே, 1919 டிசம்பரில், 8 வயது முதல் 50 வயது வரை எழுத்தறியாத எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டும் என்று ஆணை போட்டார்கள். வெறும் காகிதமாக நிற்கவில்லை, இருபது வருடத்தில் அந்த நாட்டின் எழுத்தறிவு மளமளவென்று ஏறியது. ஏன் என்பது எளிது. சுவரொட்டியையும் செய்தித்தாளையும் வாசிக்கத் தெரியாதவனிடம் கொள்கையைக் கொண்டு சேர்க்க முடியாது. எழுத்தை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, எதைப் படிக்கலாம் என்பதை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டது அரசு. அதற்கென்றே 1922இல் கிளாவ்லித் என்ற தணிக்கை அமைப்பு வந்தது.

அதனால் இந்தச் சமூகங்களில் அறியாமை தானாகக் கிடக்கும் வெற்றிடமாக இருக்கவில்லை. சம்பளம் கொடுத்து, அலுவலகம் வைத்து, ஆள் போட்டுத் தயாரிக்க வேண்டியிருந்தது.

## எப்படித் தயாரித்தார்கள்

1. எண்ணாமல் விடுவது, எண்ணியவனை ஒழிப்பது. 1934 ஜனவரியில் ஸ்டாலின் கட்சி மாநாட்டில் நாட்டின் மக்கள்தொகை 16.8 கோடி என்று பெருமையாகச் சொன்னார். 1937 ஜனவரி 6 அன்று நாடு முழுக்கக் கணக்கெடுப்பு நடந்தது. கேள்வித்தாளை ஸ்டாலினே திருத்தியிருந்தார், மதம் பற்றிய கேள்வி உட்பட. விடை வந்தது: சுமார் 16.2 கோடி. மூன்று வருடம் கழித்து எடுத்த கணக்கு தலைவர் சொன்னதைவிடக் குறைவு. 1932-33இல் உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் மற்ற தானியப் பகுதிகளிலும் பஞ்சத்தில் செத்தவர்கள் அந்த இடைவெளியில் இருந்தார்கள். அப்படி ஒரு பஞ்சமே நடக்கவில்லை என்பதுதான் அரசின் நிலை. போதாக்குறைக்கு, 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கு மேல் தங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு என்று துணிந்து சொல்லியிருந்தார்கள். செப்டம்பரில் அந்தக் கணக்கெடுப்பே செல்லாது என்று அறிவித்தார்கள். புள்ளிவிவரத் துறைத் தலைவர் இவான் கிராவல் அதற்கு முன்பே சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். 1939இல் புதிய ஆட்களை வைத்து மறுபடி எண்ணினார்கள், 17 கோடி வந்தது. புதிய ஆட்களுக்கு எந்த எண் வர வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டிய நிலைமை அப்போது இல்லை.

2. நகலெடுக்கும் கருவியைப் பிடித்து வைப்பது. ருமேனியாவில் 1983இல் ஒரு ஆணை வந்தது. வீட்டில் தட்டச்சு இயந்திரம் வைத்திருந்தால் போலீசில் பதிவு செய்ய வேண்டும், வருடா வருடம் அந்த இயந்திரத்தில் அடித்த மாதிரி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எழுத்துகளின் தேய்மானம் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும் என்பதால், எங்காவது ஒரு துண்டுப் பிரசுரம் சிக்கினால் எந்த வீட்டில் அடித்தது என்று கண்டுபிடித்துவிடலாம். வடகொரியாவில் ரேடியோவை அரசு நிலையத்தில் மட்டும் நிற்கும்படி பூட்டி முத்திரை வைத்துத் தருகிறார்கள்.

3. கடந்த காலத்தைத் திருத்துவது. ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலின் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்துக்கு இதுதான் உத்தியோகம். பழைய செய்தித்தாளை இன்றைய நிலைக்கு ஏற்றபடி மாற்றி எழுதிவிட்டு, அசலைச் சுவரில் இருக்கும் துளையில் போட்டுவிட வேண்டும், அது உலைக்குப் போய்விடும். வாரத்துக்கு 30 கிராமாக இருந்த சாக்லேட் ரேஷன் 20 கிராமாகக் குறைகிறது, மறுநாளே ரேஷனை 20 கிராமாக உயர்த்தியதற்கு நன்றி சொல்லி ஊர்வலம் போகிறது. நிஜத்தில் இது இத்தனை வேகமாகவும் சுத்தமாகவும் நடக்கவில்லை, ஆனால் நடந்தது. ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியா 1953 டிசம்பரில் சுடப்பட்டபோது, சோவியத் பெருங்கலைக்களஞ்சியத்தின் 5ஆம் தொகுதியில் அவரைப் புகழ்ந்து எழுதிய கட்டுரை ஏற்கெனவே அச்சாகி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சந்தாதாரர்களுக்குத் தபால் வந்தது: 21 முதல் 24 வரையுள்ள பக்கங்களைக் கத்தரியாலோ பிளேடாலோ வெட்டியெடுத்துவிட்டு, கூட அனுப்பியிருக்கும் பக்கங்களை ஒட்டிக்கொள்ளவும். புதிய பக்கங்களில் பெரிங் கடலைப் பற்றி விரிவாகவும் படங்களோடும் இருந்தது. அகரவரிசை கெடவில்லை.

இதில் நான் கவனிக்கச் சொல்வது அந்தக் கத்தரியை. வெட்டுகிறவருக்கு எதை வெட்டுகிறோம் என்று தெரியும். பக்கத்து வீட்டுக்காரரும் தன் வீட்டில் அதையே வெட்டிக்கொண்டிருப்பார் என்றும் தெரியும். ஆனால் அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

## எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்த மகன்

1958இல் மாவோ பெரும் பாய்ச்சல் என்ற திட்டத்தை ஆரம்பித்தார். நிலமெல்லாம் கம்யூன் எனப்படும் கூட்டுப் பண்ணைகளுக்குப் போனது, சமையல்கூட பொதுச் சமையலறைக்குப் போனது. அடுத்த மூன்று நான்கு வருடத்தில் பட்டினியால் செத்தவர்களின் எண்ணிக்கையை ஆய்வாளர்கள் 1.5 கோடி முதல் 4.5 கோடி வரை மதிப்பிடுகிறார்கள்.

யாங் ஜிஷெங் என்பவர் அப்போது பள்ளி மாணவர். 1959இல் அவருடைய தந்தை பட்டினியில் இறந்தார். பின்னாளில் அரசு செய்தி நிறுவனமான சின்ஹுவாவில் பத்திரிகையாளராகி, பல வருடம் ஆவணக் காப்பகங்களில் தேடி, அந்தப் பஞ்சத்தைப் பற்றிய மிக விரிவான நூலை 2008இல் ஹாங்காங்கில் வெளியிட்டவர் இவர்தான். சீனாவுக்குள் அந்தப் புத்தகம் தடை. அதில் அவர் எழுதுகிறார்: தந்தை செத்தபோது எனக்குத் துக்கம் இருந்தது, அரசின் மேல் கோபம் வரவில்லை. அது எங்கள் குடும்பத்துக்கு வந்த தனிப்பட்ட கஷ்டம் என்றே நினைத்தேன், பெரும் பாய்ச்சலை அதற்குப் பிறகும் ஆதரித்தேன்.

அவர் முட்டாள் இல்லை. பட்டினி என்றால் என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அப்பா கண்ணெதிரே செத்திருக்கிறார். அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, அடுத்த மாவட்டத்திலும் அதற்கடுத்த மாகாணத்திலும் இதே போல அப்பாக்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற தகவல். ஹெனான் மாகாணத்தின் ஷின்யாங் பகுதியில் சாவு மிக அதிகம், அங்கே வெளியூருக்குப் போட்ட ஆயிரக்கணக்கான கடிதங்களைத் தபால் நிலையத்திலேயே பிடித்து வைத்தார்கள், ஊரை விட்டுப் போகிறவர்களைச் சாலையில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆயிரம் குடும்பங்களுக்கு வந்த ஒரே துன்பத்தை ஆயிரம் தனித்தனித் துரதிர்ஷ்டங்களாக உடைத்துவிட்டால் அரசின் வேலை முடிந்தது. ஒவ்வொருவருக்கும் தன் பங்கு உண்மை தெரிந்திருப்பதில் அதற்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

## தெரிந்தவர்கள் ஏன் சும்மா இருந்தார்கள்

இங்கே மூன்று படிகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. எனக்கு உண்மை தெரியும்.
2. உனக்கும் அது தெரியும் என்று எனக்குத் தெரியும்.
3. எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும் என்று நம் இருவருக்கும் தெரியும், எல்லோரும் பார்க்கும்படி தெரியும்.

மூன்றாவது படி வரைக்கும் போனால்தான் ஜனங்கள் கூடிச் செயல்பட முடியும். அதுவரை பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற நிலைதான். முதல் இரண்டு படிகளில் ஊரறிந்த ரகசியமாக ஒன்று எத்தனை வருடம் வேண்டுமானாலும் கிடக்கலாம். பொருளாதார அறிஞர் திமூர் குரான், மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைச் சொல்லும் இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் கிழக்கு ஐரோப்பிய ஆட்சிகள் 1989இல் திடீரென்று சரிந்ததை விளக்கினார். எல்லோரும் நடித்ததால், எத்தனை பேர் நடிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாமல் போனது.

செக்கோஸ்லோவாகியாவின் வாட்ஸ்லாவ் ஹாவெல் 1978இல் எழுதிய கட்டுரையில் ஒரு காய்கறிக் கடைக்காரர் வருகிறார். கடையில் வெங்காயத்துக்கும் கேரட்டுக்கும் நடுவே 'உலகத் தொழிலாளர்களே ஒன்றுசேருங்கள்' என்று ஒரு அட்டை வைக்கிறார். உலகத் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன, அவருக்கு அக்கறை இல்லை. காய்கறியோடு சேர்த்து மேலிடத்திலிருந்து அட்டையும் வந்தது, வைத்துவிட்டார். வாங்க வருகிறவர்களும் அதைப் படிப்பதில்லை. ஆனால் எல்லாக் கடையிலும் அது இருக்கிறது, அதனால் எல்லோரும் ஒத்துப்போவதாக எல்லோருக்கும் தெரிகிறது. நம்பாதவர் வைத்த அட்டைதான் இன்னொரு நம்பாதவரை வாய் மூட வைக்கிறது. கட்டாயக் கூட்டம், கட்டாயக் கைதட்டல் எல்லாம் எதற்கு என்பதும் இங்கேதான் புரியும். உங்களை நம்ப வைக்க அல்ல அந்தக் கைதட்டல், பக்கத்தில் நிற்பவருக்கு உங்களைக் காட்ட.

இந்த ஏற்பாடு எப்படி உடையும் என்பதைக் கேமராவிலேயே பார்க்கலாம். 1989 டிசம்பர் 21, ருமேனியத் தலைநகர் புகாரெஸ்ட். நான்கு நாள் முன்பு திமிஷ்வாராவில் மக்கள் மேல் துப்பாக்கிச்சூடு நடந்திருக்கிறது. செய்தித்தாளில் உண்மை இல்லை, ஆனால் வெளிநாட்டு வானொலி கேட்டவர்கள் வழியாக அரசல்புரசலாகப் பலருக்கும் தெரியும். ருமேனிய அதிபர் சௌசெஸ்கு தனக்கு ஆதரவு இருப்பதைக் காட்டத் தொழிற்சாலைகளிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்து சதுக்கத்தில் நிறுத்தி, மாடத்திலிருந்து பேச ஆரம்பிக்கிறார். தொலைக்காட்சியில் நேரலை. கொஞ்ச நேரத்தில் கூட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து கூச்சல். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, கையை உயர்த்தியபடி வாய் திறந்து விழிக்கிறார், அப்புறம் மைக்கில் 'ஹலோ, ஹலோ' என்கிறார், லைன் கெட்டுப்போன தொலைபேசியில் பேசுகிறவரைப் போல. ஒளிபரப்பைச் சிறிது நேரம் துண்டித்தார்கள். ஆனால் பார்க்க வேண்டியதை நாடே பார்த்தாயிற்று. சம்பள உயர்வு அறிவித்துப் பார்த்தார், எடுபடவில்லை. மறுநாள் ஹெலிகாப்டரில் ஓட்டம், 25ஆம் தேதி மரண தண்டனை.

அந்த நிமிடத்தில் யாருக்கும் புதுத் தகவல் எதுவும் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. தட்டச்சு இயந்திரத்தைக்கூடப் பதிவு செய்து பாதுகாத்த ஆள், தன்னுடைய தொலைக்காட்சியை வைத்தே அதைச் செய்து கொடுத்தார். கூட்டம் தனக்காகத்தான் வந்திருக்கிறது என்று அவர் உண்மையிலேயே நம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் நேரலை வைத்திருக்க மாட்டார்.

## மேலே இருப்பவரின் அறியாமை

நாவல்களுக்கும் நிஜத்துக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான்.

'1984'இல் கட்சிக்கு எல்லாம் தெரியும். வின்ஸ்டனைச் சித்திரவதை செய்யும் ஓப்ரையனுக்கு, அவன் பல வருடமாக என்ன நினைக்கிறான் என்பதுவரை தெரியும். ஆர்வெலுக்கு எதிர்ப்பக்கம் புரியாமல் இல்லை. அதே நாவலில் காலணிக் கணக்கு ஒன்று வருகிறது: இலக்கு 14.5 கோடி ஜோடி, உற்பத்தி 6.2 கோடி. இலக்கைத் தாண்டியதாகக் காட்ட வேண்டும் என்பதால் வின்ஸ்டன் இலக்கை 5.7 கோடி என்று திருத்துகிறான். உண்மையில் எத்தனை ஜோடி தைத்தார்கள் என்று யாருக்குமே தெரியாது, ஒன்றுகூடத் தைக்காமலும் இருந்திருக்கலாம் என்கிறார் ஆர்வெல். இப்படிப்பட்ட அரசு எப்படி நிலைக்கும்? அதற்கும் பதில் வைத்திருக்கிறார். உலகத்தில் மூன்றே வல்லரசுகள், எதுவும் எதையும் வெல்ல முடியாது, போர் பெயருக்கு நடந்துகொண்டே இருக்கும். தோல்வி என்ற ஒன்றே இல்லாததால் பொய்க் கணக்கு யாரையும் கடிக்காது. ஆக, அந்த அரசு சாசுவதமாக நிலைக்க வேண்டும் என்பதற்காக வெளியுலகத்தையே அணைத்து வைத்துவிட்டுத்தான் கதையைச் சொல்கிறார்.

நிஜ நாட்டில் அறுவடை உண்டு, அணு உலை உண்டு. இவற்றுக்குக் கட்சிக் கட்டுப்பாடு தெரியாது.

சீனாவில் 1958இல் நடந்ததைப் பாருங்கள். தலைமை பெரிய விளைச்சலை எதிர்பார்க்கிறது. ஒரு கம்யூன் பெரிய எண் சொன்னால் பக்கத்துக் கம்யூன் அதைவிடப் பெரிதாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வலதுசாரி என்ற முத்திரை. பல வயல்களின் நாற்றைப் பிடுங்கி ஒரே வயலில் நெருக்கி நட்டு, கதிர்களின் மேல் குழந்தைகள் நிற்கிற மாதிரிப் புகைப்படம் போட்டார்கள். அந்த வருடத் தானிய விளைச்சல் 37.5 கோடி டன் என்று அறிவிப்பு. உண்மையில் சுமார் 20 கோடி. அந்த ஆகஸ்டில் ஷுஷுய் என்ற மாவட்டத்துக்குப் போன மாவோ, இவ்வளவு தானியத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டு, நாளைக்கு ஐந்து வேளை சாப்பிடலாமே என்றார். வேடிக்கைப் பேச்சாக நிற்கவில்லை. அடுத்த வருடம் தானியம் விதைக்கும் பரப்பைக் குறைத்தார்கள், ஏற்றுமதியை 40 லட்சம் டன்னுக்கு மேல் கொண்டுபோனார்கள், கிராமங்களிடம் அரசின் பங்கை அந்தப் பொய்க் கணக்கை வைத்தே வசூலித்தார்கள். ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்குக் கேட்டு வந்தார்கள், கொடுக்க முடியாதவன் பதுக்கினான் என்று அடி வாங்கினான். 1959 ஜூலையில் லூஷான் கூட்டத்தில் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெகுவாய் மாவோவுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி நிலைமையைச் சொன்னார். பதவி போனது. அதற்குப் பிறகு வேறு யார் வாயைத் திறப்பார்கள்?

இந்தியாவோடு ஒப்பிட்டு அமர்த்தியா சென் சொன்னது இதைத்தான். சுதந்திரமான பத்திரிகையும் எதிர்க்கட்சியும் இருக்கும் நாட்டில் இந்த அளவு பஞ்சம் வருவதில்லை, ஏனென்றால் சேதி தலைநகருக்குப் போய்விடும், போன பிறகு சும்மா இருந்தால் ஆட்சி போய்விடும். அதே கையோடு இந்தியாவை இடிக்கவும் அவர் மறக்கவில்லை. செய்தியாகாத, தினசரி, அமைதியான ஊட்டக்குறைவை நம் ஜனநாயகம் பல வருடம் சகித்துக்கொண்டே இருந்தது.

இன்னொன்று செர்னோபில், சோவியத் யூனியனின் உக்ரைனில் இருந்த அணுமின் நிலையம். 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1:23. சோதனையின் முடிவில் உலையை நிறுத்தும் பொத்தானை அழுத்துகிறார்கள், சில நொடிகளில் வெடிக்கிறது. நிறுத்தும் பொத்தான் எப்படி வெடிக்க வைக்கும்? அந்த வகை உலையில் கட்டுப்பாட்டுத் தண்டுகளின் கீழ்ப் பகுதியில் கிராஃபைட் இருந்தது. முழுதாக வெளியே இழுத்திருந்த தண்டுகள் உள்ளே இறங்க ஆரம்பிக்கும்போது, அந்தக் கிராஃபைட் உலையின் அடியில் இருந்த நீரைத் தள்ளிவிட்டு, சக்தியைக் குறைப்பதற்குப் பதில் முதல் சில நொடிகளுக்குக் கூட்டிவிடும். இது 1983இலேயே லிதுவேனியாவின் இக்னாலினா உலையில் தெரிய வந்த விஷயம். கட்டுப்பாடுகள் கொண்டுவருவோம் என்று வடிவமைத்தவர்கள் மற்ற நிலையங்களுக்குத் தெரிவித்தார்கள், அப்புறம் கிடப்பில் போட்டுவிட்டார்கள். 1975இல் லெனின்கிராடு நிலையத்தில் நடந்த விபத்தின் பாடங்களும் மற்ற நிலையங்களில் வேலை செய்தவர்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. சோவியத் உலை வெடிக்காது என்பது அதிகாரபூர்வ நிலைப்பாடு. பொத்தானை அழுத்தியவர்கள் அதைத்தான் நம்பினார்கள்.

வெடித்த பிறகும் அதே கதைதான். கையில் இருந்த கதிர்வீச்சுமானிகள் பலவற்றின் உச்ச அளவே மணிக்கு 3.6 ராண்ட்ஜன் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). முள் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. உலைக்குப் பக்கத்தில் உண்மையான அளவு ஆயிரக்கணக்கில் இருந்த இடங்கள் உண்டு. ஆனால் மேலே போன அறிக்கையில் ஏறியது முள் காட்டிய எண்தான். கருவி காட்டாததை எழுதும் தைரியம் யாருக்கும் இல்லை, காட்டியதை எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. நிலையத்துக்குப் பக்கத்தில், சுமார் 49,000 பேர் இருந்த பிரிப்யாத் நகரத்தை மறுநாள் பிற்பகல் 2 மணிக்குத்தான் காலி செய்தார்கள், அதற்குள் ஒன்றரை நாள் போய்விட்டது. 28ஆம் தேதி காலை சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் கதிர்வீச்சு பிடிபட்டு அவர்கள் விசாரித்த பிறகு, அன்று இரவு 9 மணிச் செய்தியில் சில வரிகள். மே 1 அன்று கீவ் நகரத்தில் ஊர்வலம் வழக்கம் போல நடந்தது. விபத்துக்குக் காரணம் ஊழியர்கள்தான் என்று அந்த ஆகஸ்டில் வியன்னாவில் உலகத்துக்குச் சொன்னார்கள், வடிவமைப்பின் பங்கைச் சர்வதேச அறிக்கை ஒன்று தெளிவாக எழுத 1992 ஆகிவிட்டது.

## இதனால் ஆட்சி கவிழ்ந்துவிடுமா

பெரும்பாலும் கவிழாது, இதைப் பூசி மெழுகிச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. செர்னோபில்தான் சோவியத் யூனியன் விழுந்ததற்கு உண்மையான காரணமாக இருக்கலாம் என்று அதன் கடைசித் தலைவர் கோர்பச்சேவ் 2006இல் எழுதினார். ஆனால் ஸ்டாலின் 1953இல் பதவியில் இருந்தபடிதான் செத்தார், மாவோவும் 1976இல் அப்படியே. வடகொரியா 1948இலிருந்து மூன்றாவது தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது, நடுவில் 1990களில் ஒரு கொடும் பஞ்சமும் வந்து போயிற்று.

காரணம், மேலே இருப்பவர் தெரியாமல் செய்யும் தப்புக்கு விலை கொடுப்பது அவர் இல்லை. அவருடைய வீட்டு அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். கணக்குக் காட்டியவனைச் சுட்டுவிட்டு அடுத்தவனை நியமித்துக்கொள்ளலாம். விளைச்சல் பற்றித் தெரியாமல் இருந்து ஒரு அரசு பிழைத்துவிடும், எங்கே நான்கு பேர் கூடுகிறார்கள் என்று தெரியாமல் இருந்தால்தான் பிழைக்காது. அதனால்தான் மற்ற துறைகள் எல்லாம் அரைக்கண்ணாகக் கிடக்கும்போதும் ரகசியப் போலீசுக்கு மட்டும் காசு குறைவதில்லை.

## இணையக் காலத்தில்

இன்று தட்டச்சு இயந்திரத்தைப் பதிவு செய்து பயன் இல்லை, ஒவ்வொரு பையிலும் ஒரு அச்சகம் இருக்கிறது. முறை மாறியிருக்கிறது, நோக்கம் மாறவில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் கேரி கிங், ஜெனிபர் பான், மார்கரெட் ராபர்ட்ஸ் மூவரும் சீனச் சமூக ஊடகங்களில் எவை அழிக்கப்படுகின்றன என்று பார்த்து 2013இல் வெளியிட்ட முடிவு பலரையும் திகைக்க வைத்தது. தலைவர்களைத் திட்டும் பதிவுகள் நிறைய அப்படியே விடப்பட்டிருந்தன. அழிக்கப்பட்டவை, ஜனங்கள் ஓரிடத்தில் கூட வாய்ப்புள்ள விஷயங்கள் பற்றியவை, அவை அரசை ஆதரித்து எழுதப்பட்டிருந்தாலும் சரி. மேலே சொன்ன மூன்றாவது படி நினைவிருக்கிறதா, அதைத்தான் குறிவைத்து வெட்டுகிறார்கள்.

இதே மூவரின் 2017 ஆய்வின்படி, சீன அரசுத் தரப்பு வருடத்துக்குச் சுமார் 44.8 கோடி பதிவுகளைப் பொதுமக்கள் எழுதியது போலப் போடுகிறது. அவை விமர்சகர்களோடு வாதாடுவதில்லை, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகின்றன. தடை செய்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று ஆர்வம் வரும், குப்பையைக் கொட்டினால் வராது. 1953இல் வந்த ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' நாவலில் புத்தகங்களை எரிக்கும் படைத் தலைவர், இது அரசு ஆணையால் ஆரம்பித்ததில்லை, ஜனங்களே முதலில் படிப்பதை விட்டார்கள் என்கிறார். இந்த ஒரு விஷயத்தில் ஆர்வெலைவிட பிராட்பரி நமக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்பது என் கருத்து.

மேலே இருப்பவரின் கண் மறைவது மட்டும் தொழில்நுட்பத்தால் தீரவில்லை. 2003இல் சார்ஸ் நோயை மறைத்து அவமானப்பட்ட பிறகு, மருத்துவமனைகள் தொற்றுநோயை நேராகப் பெய்ஜிங்குக்கே தெரிவிக்க சீனா ஒரு கணினி வலையமைப்பைக் கட்டியது. 2019 டிசம்பர் 30 அன்று வுஹான் கண் மருத்துவர் லி வென்லியாங் பின்னாளில் கொரோனா என்று உலகம் அறிந்த புதிய நோயைப் பற்றித் தன் கூடப் படித்தவர்களின் குழுவில் எச்சரித்தபோது, ஜனவரி 3 அன்று போலீஸ் கூப்பிட்டு, வதந்தி பரப்பியதாக எழுதிய தாளில் கையெழுத்து வாங்கியது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று ஜனவரி 20 அன்றுதான் வெளிப்படையாகச் சொன்னார்கள். பிப்ரவரி 7 அன்று அதே நோயில் லி இறந்தார். வலையமைப்பு இருந்தது, உள்ளூர் அதிகாரிக்குப் பயமும் அப்படியே இருந்தது.

## செய்தி படிக்கும்போது எதைப் பார்க்கலாம்

இப்படிப்பட்ட நாடுகளைப் பற்றிப் படிக்கும்போது, வெளியிடும் எண் சரியா தப்பா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, வெளியாகிக்கொண்டிருந்த எது நின்றுபோனது என்று பார்ப்பது பலன் தரும். சோவியத் அரசு 1970களின் நடுவில் சிசு மரண விகிதத்தை வெளியிடுவதை நிறுத்தியது. பிரெஞ்சு ஆய்வாளர் எம்மானுவல் டோட், அந்த விகிதம் ஏறத் தொடங்கியிருந்ததைப் பிடித்துக்கொண்டு, 1976இலேயே இந்த அரசு உள்ளே சிதைகிறது என்று ஒரு புத்தகம் எழுதினார், அப்போது அவருக்கு 25 வயது. 1980களின் ஆரம்பத்தில் மோசமான அறுவடைகள் வந்தபோது தானியக் கணக்கும் காணாமல் போனது. 2023 ஜூனில் சீன நகரங்களில் இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதம் என்று வந்தது, ஆகஸ்டில் அந்தப் புள்ளிவிவரத்தையே நிறுத்தி வைத்தார்கள், சில மாதம் கழித்துப் படித்துக்கொண்டிருப்பவர்களைக் கழித்துவிட்டுப் புதிய முறையில் எண்ணி, குறைந்த எண்ணோடு மறுபடி வெளியிட்டார்கள். மாணவர்களைக் கழிப்பதற்கு நியாயமான காரணம் சொல்ல முடியும், சொன்னார்கள். ஆனால் எண் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தக் காரணம் அவர்கள் கண்ணில் பட்டது.